ஐப்பசிக்கு முன் ஒரு களையெடுப்பு

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைச் செயலாளர் அவர்களுக்குத் திறந்த மடல்

சர்வரில் மென்பொருள்கள் பொதி பொதியாக வந்து இறங்குகின்றன. ஒரு பொதி, தான் இயங்கத் தேவையான வேறு பல பொதிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பின்னாளில் அந்த மென்பொருளை நீக்கினாலும் கூட வந்தவை தங்கிவிடுகின்றன. இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது, புதிய களஞ்சியத்தில் இடம் பெறாத பழைய பொதிகளும் அப்படியே கிடக்கின்றன. அவை ஓடும். ஆனால் அவற்றில் ஓட்டை தெரியவந்தால் அடைத்துத் தர ஆள் கிடையாது. பைத்தான் 2-க்கு அந்த ஆதரவு 2020 ஜனவரி 1-இல் நின்றது, பிஎச்பி 7.4-க்கு 2022 நவம்பரில். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-இல்.

இவை சேர்வதற்குச் சோம்பலைவிடப் பயமே பெரிய காரணம். ஒப்பந்த நிறுவனம் ஒரு சேவையை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் வேறு ஆட்கள் வருகிறார்கள். எந்தப் பொதியை யார், எதற்காகப் போட்டார்கள் என்ற குறிப்பு கைமாறுவதில்லை. எடுத்தால் எது நின்றுபோகுமோ என்று யாரும் கை வைப்பதில்லை. இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதைப் போக்கும் வழி அதட்டலில் இல்லை, பதிவேட்டில்தான் இருக்கிறது.

பழையது கிடப்பதால் புதியதும் வராமல் போவது உண்டு. லினக்ஸ் சர்வரில் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் புதியது வந்து, பழையதும் 'பூட்' பகுதியில் தங்குகிறது. அந்தச் சின்னப் பகுதி நிரம்பிவிட்டால் அடுத்த கெர்னலை நிறுவ இடம் இருக்காது. தானாக நடக்கும் பாதுகாப்புப் புதுப்பித்தல் பாதியில் நிற்கும். பல நேரம் அது கவனத்துக்கே வராது.

பதிவேடு இல்லாததன் விலையை அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் காட்டியது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் ஒரு பழைய இணையச் சேவையில் அந்த மென்பொருள் இருப்பது நிறுவனத்தின் சோதனையில் அகப்படவில்லை. மே மாதம் அதன் வழியாகவே இணையத் திருடர்கள் புகுந்தார்கள், சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளிவந்தபோது, ஜாவா கோப்புகளுக்குள் புதைந்திருந்த அந்த நூலகத்தை இயங்குதளத்தின் பொதிப் பட்டியல் காட்டவில்லை. ஆகவே கையால் நகலெடுத்துப் போட்டவற்றையும் பதிவேட்டில் தனியே எழுத வேண்டியிருக்கிறது. மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிடுவதற்கு இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. மாநில அலுவலகங்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காப்பு நகல். அது திரும்ப ஏறுகிறதா என்ற சோதனையும் அதில் சேர்த்தி. பிறகு பட்டியல்: கேட்டு நிறுவியவை எவை, துணையாக வந்தவை எவை, இன்று எந்தக் களஞ்சியத்திலும் இல்லாதவை எவை. டெபியன் வகையில் ஆப்ட் கருவி, உண்மையில் நீக்காமலே, நீக்கினால் எவையெல்லாம் போகும் என்று ஒத்திகை காட்டும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான். அந்த ஒத்திகைப் பட்டியலை வரி வரியாகப் படிப்பதில்தான் மொத்தக் கவனமும் இருக்க வேண்டும். வெறும் நீக்கம் கோரையை மேலாக அரிந்ததற்குச் சமம். அமைப்புக் கோப்புகள் கிழங்காக அடியில் கிடக்கும். அவற்றையும் களைய 'பர்ஜ்' கட்டளை உண்டு. கெர்னலில் ஓடுவதையும் அதற்கு முந்தையதையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுக்கலாம். ஒரு நூலகத்தைப் புதுப்பித்தாலும், அதைப் பயன்படுத்தும் சேவையை நிறுத்தித் தொடங்கும்வரை நினைவகத்தில் பழையதே ஓடும். இந்தக் கடைசிப் படிதான் அதிகம் விடுபடுகிறது.

இந்த வேலைக்குப் பருவமும் உண்டு. நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடு வடகிழக்குப் பருவமழையை நம்பியது. உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைத்தவர்கள் பயிர்க் காப்பீட்டுக்காக ஐப்பசி, கார்த்திகையில் சிட்டாவும் அடங்கலும் கையில் வைத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் நிற்கிறார்கள். கெடு நாளில் சர்வர் முடங்கினால் அந்த வருசக் காப்பீடே கைவிட்டுப் போகலாம். பராமரிப்புக்காக நிறுத்தினாலும், பராமரிக்காததால் நின்றாலும், மானாவாரி விவசாயிக்கு இழப்பு ஒன்றுதான். இங்கே கோடை மழை ஈரத்தில் உழுது கோரைக் கிழங்கை வெயிலில் காயப்போடுவது சித்திரை, வைகாசியில். விதைப்பு நேரத்தில் யாரும் அதைச் செய்வதில்லை.

ஆகவே துறையின் ஆணையில் இடம்பெற வேண்டியவை: ஒவ்வொரு சர்வருக்கும் பொதிப் பதிவேடு, ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பு அலுவலரும் ஆதரவு முடியும் தேதியும், அந்தப் பதிவேட்டை ஒப்படைத்த பின்பே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை. பாதுகாப்புத் திருத்தங்கள் ஆண்டு முழுவதும் தாமதமின்றி ஏற வேண்டும். பெரிய களையெடுப்பு ஏப்ரல், மே மாதங்களில், இரவு நேரத்தில், இ-சேவை மையங்களுக்கு ஒரு வாரம் முன்னதாக அறிவித்துவிட்டு நடக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலப் பதிவேடு, காப்பீடு தொடர்பான சர்வர்களில் அவசரத் திருத்தம் தவிர எதையும் நீக்கக் கூடாது.

நாகலாபுரம், விளாத்திகுளம் வட்டம்