கைராசிக்கும் பரீட்சை உண்டா?

"அந்த டாக்டர் கைராசிக்காரர்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். மருந்து என்னவோ மற்ற டாக்டர்களும் எழுதிக் கொடுப்பதுதான். ஆனால் அவர் நாம் சொல்வதைக் கடைசி வரை கேட்டு, நமக்குப் புரிகிற பாஷையில் பதில் சொல்கிறார். பாதி வியாதி அங்கேயே பறந்து விடுகிறது! இந்தக் கைராசியைப் பரீட்சை வைத்து அளக்க முடியுமா?

கனடாவில் அளந்து பார்த்தார்கள். அங்கே டாக்டர் லைசென்ஸுக்கு எழுத்துப் பரீட்சையோடு 1990-களில் ஒரு விநோதப் பரீட்சையையும் சேர்த்தார்கள். வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு 'நோயாளி'. ஒருவர் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு முனகுவார்; இன்னொருவர் தலைவலி என்பார். அத்தனையும் பழக்கி வைத்த நடிப்பு! இளம் டாக்டர் எப்படி விசாரிக்கிறார், எப்படிச் சோதிக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துப் பரீட்சகர் மார்க்குப் போடுவார்.

1993 முதல் 1996 வரை இந்தப் பரீட்சைக்கு வந்து, பிறகு ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் தொழில் நடத்திய 3,424 டாக்டர்களை ஆராய்ச்சியாளர்கள் 2005 வரை கவனித்தார்கள். 2007-ல் முடிவு வெளியாயிற்று. நோயாளியிடம் பேசும் முறைக்குக் குறைந்த மார்க்கு வாங்கியவர்கள் மீதுதான் பிற்காலத்தில் புகார்கள் அதிகம்! எழுத்துப் பரீட்சை மார்க்கைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் இந்த வித்தியாசம் மறையவில்லை. அதற்காகப் படிப்பு வேண்டாம் என்று அர்த்தமல்ல. சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் எழுத்துப் பகுதியில் சறுக்கியவர்கள் மீதும் புகார்கள் அதிகமாகத்தான் இருந்தன.

பேசத் தெரிவது இவ்வளவு பெரிய குணமாயிற்றே, அது உள்ளவர்களை வைத்தியப் படிப்புக்கு வருந்தி அழைக்க வேண்டாமா? ஜப்பானில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். டோக்கியோவிலுள்ள ஜுன்டெண்டோ பல்கலைக் கழகம், வைத்தியப் படிப்பில் சேர வந்த பெண்களுக்குத் தேர்ச்சி வரம்பை உயர்த்தி வைத்திருந்தது. 2018-ல் குட்டு வெளிப்பட்டது. அதற்கு அவர்கள் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? "பெண்களுக்கு மனப் பக்குவம் சீக்கிரம் வந்து விடுகிறது, பேச்சுத் திறமையும் அதிகம். பாவம், பையன்களுக்குக் கை கொடுத்தோம்!"

கெட்டிக்காரத்தனத்துக்கு அபராதம் போட்ட அதிசயம் இது. வரம்பைச் சமமாக்கிய மறு வருஷமே அங்கே பெண்களின் தேர்ச்சி விகிதம் ஆண்களுடையதை முந்தி விட்டது. 2022 மே மாதம் டோக்கியோ ஜில்லாக் கோர்ட்டு, பாதிக்கப்பட்ட 13 பெண்களுக்கு நஷ்ட ஈடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது.

இன்னொரு சமாசாரமும் உண்டு. கொரோனாக் காலத்தில் தடைப்பட்ட அந்த நடிப்பு நோயாளிப் பரீட்சையைக் கனடா 2021-ல் அடியோடு கைவிட்டது. அமெரிக்காவும் தன் லைசென்ஸ் பரீட்சையில் வைத்திருந்த இதே மாதிரிப் பகுதியை அதே வருஷம் எடுத்து விட்டது. இனிப் பேசும் பக்குவத்தைச் சொல்லிக் கொடுப்பதும், சோதித்துப் பார்ப்பதும் வைத்தியக் கல்லூரிகளின் பொறுப்பு.

அவர்கள் அசட்டையாக இருந்தால் கஷ்டம் நமக்குத்தான். பரீட்சை அறையில் டாக்டர் காது கொடுக்காவிட்டால் அவருக்கு மார்க்குக் குறையும். ஆஸ்பத்திரியில் காது கொடுக்காவிட்டால்? அங்கே படுத்திருப்பவர் நடிக்கவில்லையே!