ஆமை வேகம் - யார் குற்றம்?

சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வரவு செலவுக் கணக்கு ஐந்து நிமிடத்தில் ஒப்புதலாகிவிட்டது. பொங்கல் விழாச் செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் நூலகக் கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்ற பேச்சு மட்டும் முக்கால் மணி நேரம் ஓடியது. "ஒரு புத்தகம் இருக்கிறதா என்று தேடிவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்" என்றார் ஓர் அன்பர். கூடமே சிரித்தது. "பொறுப்பில் இருப்பவர் என்னதான் செய்துகொண்டிருக்கிறார்?" என்றார் இன்னொருவர். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பொறுப்பில் இருப்பவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இளைஞர். பகலெல்லாம் அலுவலகம். வீட்டில் கைக்குழந்தை. இரவு பத்து மணிக்கு மேல் நம் நூலக வேலையைப் பார்ப்பவர். சம்பளம் கிடையாது, ஆட்டோச் செலவு கூடக் கிடையாது. பதில் சொல்ல எழுந்தார். என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து செருப்பை மாட்டிக்கொள்ளும்போது என்னிடம் வந்து, "சார், இந்த மாசத்தோட நான் விட்டுடறேன். வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். நம் நூலகத்தில் சுமார் 7,000 புத்தகங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஊர் மாற்றலாகிப் போன குடும்பங்கள் அன்போடு விட்டுச் சென்றவை. முன்பெல்லாம் இவற்றுக்குப் பெரிய ரிஜிஸ்தர்தான் இருந்தது. பிறகு சில இளைஞர்கள் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வீட்டிலிருந்தபடியே தேடலாம், வேண்டிய புத்தகத்துக்கு முன்பதிவு செய்யலாம். குழந்தைகளின் தமிழ் வகுப்புக்கான சேர்க்கையும் அதே கம்ப்யூட்டரில்தான். அந்த இளைஞர்களில் மற்றவர்கள் வேலை மாறி வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் இவர் ஒருவர்தான்.

நான் தொலைபேசி இலாகாவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கம்ப்யூட்டர் அதிகம் தெரியாது. ஆனால் நெரிசல் தெரியும். தீபாவளி இரவில் ஊருக்குப் பேச ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் டயல் செய்தால் எக்ஸ்சேஞ்ச் என்ன பாடு படும் என்பதை உள்ளே நின்று பார்த்தவன். ஆகவே, "தம்பி, விடறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு சனிக்கிழமை குடுங்க" என்று கேட்டேன். அரை மனதோடு சம்மதித்தார்.

இரண்டு சனிக்கிழமையும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி என்ன, எத்தனை பேர் தேடுகிறார்கள், பதில் வர எத்தனை விநாடி என்று எழுதிக்கொண்டே வந்தேன். இத்தனை நாளாக எல்லோரும் "ஸ்லோ, ஸ்லோ" என்றோமே தவிர, எப்போது, எதைச் செய்யும்போது என்று ஒருவரும் சொன்னதில்லை. எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காலை வேளையில் எந்தக் குறையும் இல்லை. சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரைதான் திண்டாட்டம். தமிழ் வகுப்பு விடும் நேரமும் அதுதான்.

காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலாவது, வாரம் ஒரு முறை எல்லா விவரங்களையும் பத்திரமாக நகல் எடுத்து வைக்கும் வேலை சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தானாகவே தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. முன்பு நூலகம் 5 மணிக்கே மூடப்பட்ட காலத்தில் யாரோ செய்த ஏற்பாடு. நூலகத்தின் நேரம் மாறியது, இது மாறவில்லை. அதை நள்ளிரவு 2 மணிக்கு மாற்றினோம்.

இரண்டாவது, தேடும் முறை. நூலின் பெயருக்கோ ஆசிரியர் பெயருக்கோ வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்று கம்ப்யூட்டருக்குள் இருக்க வேண்டும். அதை இண்டெக்ஸ் என்கிறார்கள். புத்தகங்கள் சில நூறாக இருந்தபோது அது தேவைப்படவில்லை, யாரும் போடவில்லை. அதனால் ஒருவர் ஒரு நூலைக் கேட்டால் கம்ப்யூட்டர் முதல் புத்தகத்திலிருந்து 7,000 புத்தகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது. வரிசைப்படுத்திய பட்டியல் இருந்தால் நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்து, மறுபடி அந்தப் பாதியின் நடுவில் திறந்து, இப்படியே போகலாம். நாம் அகராதி பார்க்கும் விதமும் இதுதானே? பாதி பாதியாக வகுத்தால் 7,000 பெயர்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க 13 முறை பார்த்தால் போதும். 7,000 எங்கே, 13 எங்கே! அந்த அட்டவணையைப் போடத் தம்பிக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

மூன்றாவது குற்றவாளி நாமேதான். ஆண்டு விழாப் படங்களை முகப்பில் போட வேண்டும் என்று செல்போனில் எடுத்தபடியே அனுப்பினோம். ஒவ்வொரு படமும் 4 எம்.பி. பன்னிரண்டு படங்கள். புத்தகம் தேட வந்த ஒவ்வொருவருக்கும் முதலில் 48 எம்.பி. படங்களை அனுப்பிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் மறுவேலை பார்த்தது. படங்களைச் சுருக்கியதும் பன்னிரண்டும் சேர்ந்து 1 எம்.பி.க்குள் அடங்கிவிட்டன. யார் முகமும் மங்கவில்லை.

நான்காவது, பொறுமையின்மை. பதில் வர நேரமானால் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துகிறோம். ஒவ்வோர் அழுத்தலும் ஒரு புதிய விண்ணப்பம். பழைய விண்ணப்பத்தின் வேலையும் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். எக்ஸ்சேஞ்சில் இதை நாங்கள் தினமும் பார்த்திருக்கிறோம். லைன் கிடைக்காதவர் திரும்பத் திரும்பச் சுழற்றுவார். அவர் சுழற்றுவதே மற்றவருக்கு லைன் கிடைக்காமல் செய்துவிடும்.

இந்த நான்கும் சின்னச் சின்னக் காரணங்கள்தானே, இவற்றாலா இவ்வளவு மந்தம் என்று கேட்கலாம். அதற்கு விடை சொன்னவர் டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் என்ற கணித அறிஞர். தொலைபேசி அழைப்புகள் வந்து சேரும் விதத்தைக் கணக்கிட்டு 1909-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைகளைப் பற்றிய கணிதமே வளர்ந்தது. தொலைபேசி நெரிசலை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அந்தக் கணிதம் சொல்வது இது. ஒரே ஒரு கவுண்டர். ஒருவருக்கு டிக்கெட் கொடுக்கச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். ஆட்கள் முன்பின் சொல்லாமல் வருகிறார்கள். கவுண்டர் பாதி நேரம் சும்மா இருக்கும் அளவுக்குக் கூட்டம் என்றால், வந்தவர் டிக்கெட்டோடு வெளியேறச் சராசரியாக 4 நிமிடம். நேரத்தில் 90 சதவீதம் கவுண்டருக்கு வேலை என்றால் 20 நிமிடம். 95 சதவீதம் என்றால் 40 நிமிடம். கடைசி ஐந்து சதவீதம் கூடியதற்குக் காத்திருப்பு இரண்டு மடங்காகிறது. விளிம்பில் நிற்கும் பாத்திரத்தில் ஒரு கரண்டி கூடினால் வழிகிறது, ஒரு கரண்டி எடுத்தால் அடங்குகிறது. நம் கம்ப்யூட்டருக்கு நடந்ததும் அதுதான். அதைக் கெடுத்ததும் சின்ன விஷயங்கள், சீராக்கியதும் சின்ன விஷயங்கள்.

நமக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல இது. உலகம் முழுதும் தொண்டர்கள் எழுதும் விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் பிறந்தது. விளம்பரம் இல்லை, நன்கொடைதான் ஆதாரம். 2003, 2004 ஆண்டுகளில் படிப்பவர் கூட்டம் பெருகி, இருந்த சில கம்ப்யூட்டர்கள் மூச்சுத் திணறின. அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். நன்கொடை கேட்டு இயந்திரங்கள் வாங்கினார்கள். அதோடு, ஒருமுறை தயாரித்த பக்கத்தின் நகலை எடுத்து வைத்து, அடுத்து வருபவருக்கு அதையே கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். நம் பொங்கல் விருந்தில் ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாகவா சாம்பார் வைக்கிறோம்? ஒரே அண்டாவில் வைத்து எல்லா இலைக்கும் பரிமாறுகிறோம். அதே யுக்திதான். பணமும் வேண்டியிருந்தது, மூளையும் வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் போதவில்லை.

"எதற்கு இந்த வம்பு? ஏதாவது ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். நியாயமான யோசனைதான், நான் பழிக்கவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 1990-களில் இன்டர்நெட்டில் இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸ் பலருக்கு நினைவிருக்கலாம். 1999-இல் அதை யாஹூ வாங்கியது. 2009-இல் மூடியது. தமிழர்கள் ஆசையோடு எழுதி வைத்த பக்கங்களும் அதில் இருந்தன. மூடும் செய்தி வந்ததும் ஓடி ஓடி நகல் எடுத்து, முடிந்தவரை காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? தொண்டர்கள்தான். கம்பெனிக்கு லாபம் உள்ளவரை அக்கறை இருக்கும். அதில் தவறில்லை, அது அவர்கள் தொழில். நம் குழந்தைகளுக்காக நாம் சேர்த்த 7,000 புத்தகங்களின் பட்டியல் மீது நம்மைவிட யாருக்கு அக்கறை இருக்கும்?

ஆகவே என் தாழ்மையான யோசனைகளை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

குறை சொல்லுங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். "சனிக்கிழமை மாலை 6.10, ஆசிரியர் பெயரில் தேடினேன், 40 விநாடி ஆனது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது உதவி. "எப்பவுமே ஸ்லோ" என்பது வெறும் வசவு. அதைக் கேட்பவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியாது.

நூலகக் கம்ப்யூட்டருக்கென்று பட்ஜெட்டில் ஆண்டுதோறும் ஒரு தொகை தனியாக ஒதுக்க வேண்டும். ஜூன் மாதம் தமிழ் வகுப்புச் சேர்க்கை தொடங்கும் நாளில் நாங்கள் செய்த சீர்திருத்தங்கள் போதாது, கூடுதல் வசதி வேண்டும். அதுவரை, சேர்க்கையை ஒரே நாளில் திறக்காமல் வகுப்பு வாரியாக மூன்று நாட்களாகப் பிரிக்கலாம். அதற்குப் பைசா செலவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தோளில் இருக்கும் சுமையை மூன்று தோள்களுக்கு மாற்ற வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் நூலகமே படுத்துவிடும் என்ற நிலை இன்று இருக்கிறது. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கா பஞ்சம்? வாரம் இரண்டு மணி நேரம் தர இரண்டு பேர் போதும்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். பிறகு காசி, டில்லி, பெங்களூர் என்று ஊர் ஊராகப் போய் உழைத்தார், நம்மைப் போலவே. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவருடைய நான்காவது விதி. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவது. நம் கதை முழுதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. நூலகம் வளர்ந்தது, வளர்ச்சிக்கு ஏற்ப நாம் அதைக் கவனிக்கவில்லை, அதனால் வாசகரின் நேரம் வீணாயிற்று. கூட்டத்தில் குறை சொன்னவர்கள் அந்த நான்காவது விதியின் பக்கம்தான் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் சம்பளமில்லாத நூலகத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. தொண்டரின் நேரத்தையும் வீணாக்கக் கூடாது. வாசகர் அரை நிமிடம் காத்திருந்தால் அது நஷ்டம்தான். தொண்டர் மனம் கசந்து எழுந்து போய்விட்டால் அந்த நஷ்டத்தை ஈடு செய்ய ஆண்டுகள் ஆகும்.

சென்ற சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மறுபடி நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். தேடியதும் 2 விநாடியில் பதில் வந்தது. "இப்ப என்ன தம்பி சொல்றீங்க?" என்று கேட்டேன். "கூட ரெண்டு பேர் வந்தா இருக்கேன் சார்" என்றார்.

ஒரு பெயரை நான் எழுதி வாங்கிவிட்டேன். இன்னொரு பெயர் வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து வருமா?