மீட்பர்களின் உற்பத்திச் சாலை

2022 ஏப்ரல் மாதத்தில், ஒன்றையொன்று அறியாத இரண்டு வாக்கெடுப்புகளின் முடிவுகள் வெளிவந்தன. முதலாவது, நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலுள்ள அமேசான் கிடங்கில் தொழிற்சங்கம் வேண்டுமா என்பது பற்றியது. ஏப்ரல் 1 அன்று அறிவிக்கப்பட்ட முடிவில் 2,654 தொழிலாளர்கள் சங்கம் வேண்டும் என்றும், 2,131 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்திருந்தனர். அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் கிடங்கொன்றில் சங்கம் வென்றது அதுவே முதன்முறை. இரண்டாவது, கொல்கத்தாவின் பாலிகஞ்ச் சட்டமன்ற இடைத்தேர்தல். ஏப்ரல் 16 அன்று அங்கே திரைப்படப் பின்னணிப் பாடகர் பாபுல் சுப்ரியோ திரிணாமூல் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். ஓராண்டுக்கு முன்புவரை அவர் நரேந்திர மோடி அமைச்சரவையில் பா.ஜ.க.வின் இணையமைச்சர்.

ஓரிடத்தில் முகமற்ற தொழிலாளர்கள் தங்களைத் தாங்களே அமைப்பாக்கிக் கொண்டனர். மற்றோரிடத்தில் அறிமுகமான முகமொன்று உடையை மட்டும் மாற்றிக்கொண்டு மக்கள்முன் நிறுத்தப்பட்டது. அமைப்பா, நாயகனா என்னும் இந்தக் கேள்வியையே, அதே அமேசான் நிறுவனம் ஒரு தொலைக்காட்சித் தொடராகவும் விற்றுக்கொண்டிருக்கிறது. ‘தி பாய்ஸ்’ என்னும் அத்தொடரை முற்போக்கு இளைஞர்கள் பலரும் மூலதனத்துக்கு எதிரான படைப்பென்று கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய்வது அவசியமாகிறது.

கார்த் என்னிஸ் எழுத, டாரிக் ராபர்ட்சன் வரைந்து 2006இல் வெளிவரத் தொடங்கிய படக்கதையே இத்தொடரின் மூலம். சூப்பர்மேனைத் தன் உடைமையாக வைத்திருக்கும் டி.சி. நிறுவனம், ஆறு இதழ்களோடு அதைக் கைவிட்டது. வேறொரு பதிப்பகமே அதைத் தொடர்ந்து வெளியிட்டது. எரிக் கிரிப்கியின் ஆக்கத்தில் 2019 ஜூலையில் அது அமேசானின் தொடராயிற்று.

இத்தொடரில் மாவீரர்கள் வானத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் அல்லர். ‘வாட்’ என்னும் பெருநிறுவனம், குழந்தைகளின் உடலில் மருந்தைச் செலுத்தி அவர்களை உருவாக்குகிறது. கடவுளின் கொடை என்று உலகுக்குச் சொல்லப்படுவது ஆய்வுக்கூடத்தின் சரக்கு. அந்தச் சரக்கின் விளம்பரம், திரைப்படம், பொம்மை, அரசு ஒப்பந்தம் அனைத்தும் நிறுவனத்தின் கணக்கேட்டில் வரவாகின்றன. மாவீரன் ஒருவன் சாலையில் ஓர் இளம்பெண்ணை மோதிச் சிதைத்துவிட்டால், அவளுடைய காதலனிடம் பணத்தையும், வாய் திறவாதிருக்க ஓர் ஒப்பந்தத்தையும் நிறுவனம் நீட்டுகிறது. தலைமை மாவீரனான ஹோம்லேண்டர், கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளைச் சாகவிட்டு வெளியேறுகிறான். பின்னர் அவர்களுடைய சாவையே காட்டி, மாவீரர்களை இராணுவத்தில் சேர்க்க வேண்டுமென்று முழங்குகிறான். பேரிடர்கூட அவர்களுக்குச் சந்தையாகிறது.

இவை உண்மைக்கு நெருக்கமான சித்திரங்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. மீட்பர் என்பவர் பிறப்பதில்லை, உற்பத்தி செய்யப்படுகிறார் என்பதை வெகுமக்கள் ஊடகமொன்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அரிது.

ஆனால் டி.சி. கைவிட்டதை அமேசான் ஏன் அஞ்சாமல் ஏற்றது? தொடர் எதைக் காட்டவில்லை என்பதில் இதற்கான விடை இருக்கிறது. வாட் நிறுவனத்தின் தலைவர்களும் விளம்பர அதிகாரிகளும் திரையில் வந்துகொண்டேயிருக்கிறார்கள். அந்நிறுவனத்தின் பண்டங்களைச் செய்து, சுமந்து, கொண்டுசேர்க்கும் தொழிலாளர்கள் ஒரு வர்க்கமாக எழுவதைத் தொடரில் காண முடிவதில்லை. தீமை தனிமனிதர்களின் வக்கிரமாகவே குறுக்கப்படுகிறது. எனவே அதற்குத் தீர்வும் தனிமனிதர்களின் பழிவாங்கலாக மாறுகிறது. துப்பாக்கியேந்திய ஒரு சிறு கும்பல் மாவீரர்களை வேட்டையாடுகிறது. மூன்றாம் பருவத்தில் அக்கும்பலின் தலைவனே மாவீரர்களை உருவாக்கும் அந்த மருந்தைத் தன் உடலில் ஏற்றிக்கொள்கிறான். நோயே மருந்தாகிவிடுகிறது. நான்காம் பருவத்தில் மக்கள் தெருவுக்கு வருகிறார்கள். ஆனால் கொடிய நாயகனின் ரசிகர்கள், நல்ல நாயகியின் ரசிகர்கள் என இரு கூட்டமாகவே வருகிறார்கள். நாயகரில்லாத மக்களைக் கற்பனை செய்ய அத்தொடரால் இயலவில்லை. அமெரிக்காவில் ட்ரம்ப் ஆதரவுப் பேரணியில் ஹோம்லேண்டர் வேடமிட்டவர்களைக் காண நேர்ந்ததும் இதனால்தான். வில்லனின் முகத்திரையைக் கிழிப்பதாலேயே நாயக வழிபாடு அழிந்துவிடுவதில்லை. அதை அழிக்கக்கூடிய மாற்று ஆற்றல் மக்களின் கண்முன் நிற்க வேண்டும்.

அந்த மாற்று ஆற்றல் திரைக்கு வெளியே தலையெடுக்கும்போது, திரையில் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் மூலதனத்தின் நகைச்சுவை உணர்வு எங்கே போகிறது? ஸ்டேட்டன் தீவின் வெற்றிக்குப் பின் அமேசான் அந்தச் சங்கத்தை ஏற்க மறுத்து வழக்குமேல் வழக்காடியது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2024இல் ஒரு கிடங்கில் சங்கம் அமைந்தது. 2025 ஜனவரியில் அம்மாநிலத்தின் ஏழு மையங்களையும் மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 1,700 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். இந்தியாவில், அரியானாவின் மானேசர் கிடங்கில் 2024 கோடையின் கடும் வெயிலில், குறித்த சுமையை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குச் செல்லவோ மாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்கச் செய்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அரசுக்கு அறிவிக்கை அனுப்பியது. நிறுவனமோ அதைத் தனித்ததொரு நிகழ்வென்று சொல்லி முடித்துக்கொண்டது. ஒரு மிடறு தண்ணீருக்கு அனுமதி மறுத்த அதே மூலதனம், மூலதனத்தின் கொடுமையைச் சித்திரிக்கும் தொடருக்கு மாதச் சந்தா வசூலிக்கிறது. விமர்சனமும் சரக்காகிவிட்ட காலம் இது.

மூலதனம் வளர்க்கும் இந்த நாயக அரசியல் நம் மண்ணில் எப்படி இயங்குகிறது என்பதற்குப் பாலிகஞ்ச் ஒரு பாடநூல். செல்வர்களின் மாளிகைகளும் பார்க் சர்க்கஸ் வட்டாரத்தின் நெருக்கடி மிகுந்த முஸ்லிம் உழைப்பாளர் குடியிருப்புகளும் ஒரே தொகுதிக்குள் அடங்கும் இடம் அது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 2020 ஜனவரியில் பார்க் சர்க்கஸ் திடலில் பெண்கள் இரவு பகலாக அமர்ந்திருந்தனர். அதன் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் மூத்த அமைச்சர் சுப்ரதா முகர்ஜி. ஆளுங்கட்சிப் பிரமுகர்கள் கட்டுக்கட்டாகப் பணம் பெறுவதாகக் காட்டிய, 2016இல் வெளியான நாரதா காணொளி வழக்கில், 2021 மே மாதம் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்த நால்வரில் அவரும் ஒருவர். அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட சுவேந்து அதிகாரி கைது செய்யப்படவில்லை. அவர் அதற்குள் பா.ஜ.க.வுக்கு மாறியிருந்தார். ஊழல் எதிர்ப்பு என்பதும் இங்கே அணியைப் பொறுத்து அணியும் ஆடையாக இருந்தது.

2021 நவம்பரில் முகர்ஜி மறைந்ததால் வந்த இடைத்தேர்தலில் பாபுல் சுப்ரியோ நிறுத்தப்பட்டார். 2018 மார்ச்சில் அசன்சோலில் மதக்கலவரம் மூண்டபோது அத்தொகுதியின் பா.ஜ.க. மக்களவை உறுப்பினர் அவரே. அந்நாட்களை நினைவூட்டி, ‘பாபுலுக்கு வாக்கில்லை’ என்ற பரப்புரை பாலிகஞ்சில் எழுந்தது. மதவெறியிலிருந்து காப்போம் என்று சொன்ன கட்சியோ, நேற்றுவரை மதவெறிக் கட்சியின் அமைச்சராக இருந்தவரையே காவலராக அனுப்பிவைத்தது.

அசன்சோல் கலவரத்தின் உண்மையான வீரர் யார்? பதினாறு வயது மகனைப் பறிகொடுத்த ஓர் இமாம், இறுதித் தொழுகைக்குத் திரண்ட கூட்டத்தின் முன் நின்று, பழிவாங்க எவரும் கை ஓங்கினால் இந்த ஊரைவிட்டே போய்விடுவேன் என்றார். கூட்டம் கலைந்தது, நகரம் பிழைத்தது. அவரிடம் பறக்கும் ஆற்றலும் இல்லை, பாடும் குரலும் இல்லை. அவரையும் அவர் சொல்லையும் நெடுங்காலம் அறிந்திருந்த மக்கள் மட்டுமே இருந்தார்கள்.

கொல்கத்தாவின் கலையுலகம் இவ்வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தது. சத்யஜித் ராயின் ‘நாயக்’ 1966இல் வெளிவந்தது. புகழ்பெற்ற நடிகனாக அதில் உத்தம் குமார் நடித்தார். அந்த நடிகனின் பழைய நண்பன் ஒரு தொழிற்சங்கத் தோழன். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்களிடம் நாலு வார்த்தை பேசும்படி அவனை வாகனத்தில் அழைத்துச் செல்கிறான். தன் சந்தை மதிப்பை எண்ணி நடிகன் பேச மறுத்து விலகுகிறான். நாயகன் என்னும் சரக்கின் எல்லை அந்த ஒரு காட்சியிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. தொழிலாளரின் அன்பால் அவன் வளரலாம். தொழிலாளரின் பக்கம் நிற்க அவனுக்கு உரிமமில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமன்று. ஏழைகளின் தோழனாகத் திரையில் வார்க்கப்பட்ட எம்.ஜி.ஆரின் பிம்பம், அவர் ஆட்சியின் வர்க்கத் தன்மையை அந்த ஏழைகளிடமிருந்தே எவ்வாறு மறைத்தது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்தப் பிம்ப அரசியலின் விலை என்ன என்பதைக் கரூர் காட்டியது. 2025 செப்டம்பர் 27 அன்று, நடிகர் விஜய்யைக் காணத் திரண்ட கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். மாண்டவர்களைப் பழிப்பது அறமாகாது. ஒரு முகத்தைக் காண்பதே அரசியல் பங்கேற்பு என்று அவர்களுக்குக் கற்பித்த பண்பாடே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கு, அவன் செயலை அறிந்த ஊரார் நடுகல் நட்டனர் என்பதைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. செயல் முதலில் வந்தது, கல் பின்னால் வந்தது. இன்றோ வானுயர்ந்த பதாகை முதலில் நிற்கிறது, செயல் வருவதேயில்லை.

இவ்வளவையும் ஏற்றுக்கொள்பவர்களிடமிருந்தும் ஒரு வாதம் எழுகிறது. எதிரிகளிடம் முகங்கள் இருக்கையில் இடதுசாரிகளும் ஒரு கவர்ச்சிமிக்க முகத்தை முன்னிறுத்தினால் என்ன என்பதே அது. தோல்விகளால் சோர்ந்த தோழர்களின் நேர்மையான ஆதங்கம் அது. ஆயினும் அதே 2022 ஏப்ரலின் இரண்டு நிகழ்வுகளே அதற்கு மறுமொழி தருகின்றன.

பாலிகஞ்ச் இடைத்தேர்தலில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் சாய்ரா ஷா ஹலீம் இரண்டாம் இடம் பெற்றார். முந்தைய ஆண்டு ஆறு விழுக்காட்டையும் எட்டாத இடதுசாரி வாக்கு, ஏறத்தாழ முப்பது விழுக்காடாக உயர்ந்தது, பா.ஜ.க. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அவர் நடிகர் நசீருதீன் ஷாவின் உறவினர் என்பதை ஊடகங்கள் ஓயாமல் எழுதின. ஆனால் அந்த உயர்வைத் தந்தது உறவுமுறை அன்று. குடியுரிமைப் போராட்டத்தில் தெருவில் நின்ற மக்களின் சினம். 2024இல் அவரே தெற்குக் கொல்கத்தா மக்களவைத் தொகுதியில் நின்றபோது மூன்றாம் இடமே கிடைத்தது. முகம் அதே முகம். சினத்தை அன்றாட அமைப்பாக மாற்றும் பணி முடிவுறாத இடத்தில், வாக்கு அலைபோல் ஏறி அலைபோல் இறங்கியது.

ஸ்டேட்டன் தீவும் இதையே சொல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பாதுகாப்புக் கேட்டு வெளிநடப்பை வழிநடத்தியதால் வேலைநீக்கப்பட்ட கிறிஸ் ஸ்மால்ஸ், சங்கத் தலைவராக வென்றவுடன் ஊடகங்களால் விண்மீனாக்கப்பட்டார். அடுத்த மாதமே அண்டையிலிருந்த மற்றொரு அமேசான் மையத்தில் சங்கம் 380க்கு 618 என்ற கணக்கில் தோற்றது. விண்மீனின் ஒளி சாலையைக் கடந்து செல்லவில்லை; அங்கே ஒவ்வொரு பணிமுறையிலும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் பேசியிருக்க வேண்டிய பணிக்கு அந்த ஒளி ஈடாகவில்லை. இறுதியில் அச்சங்கம் 2024இல் டீம்ஸ்டர்ஸ் என்னும் பெரிய சங்கத்தோடு இணைந்தது. தொழிலாளர்கள் புதிய தலைமையைத் தேர்ந்தெடுத்தனர். தலைவரை மாற்றியும் சங்கம் நிலைத்தது. நாயகனை மாற்றினால் தொடர் நிலைக்காது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தலைவர் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். தேர்ந்தெடுக்கப்பட்டு, கணக்குக் கொடுத்து, தேவையெனில் திரும்ப அழைக்கப்படுபவர் தலைவர். தேர்ந்தெடுக்கப்படாமல், கணக்குக் கொடுக்காமல், திரும்ப அழைக்க இயலாதவாறு மேலிருந்து இறங்குபவர் மீட்பர். முன்னவரை வர்க்கம் உருவாக்குகிறது. பின்னவரை மூலதனம் உற்பத்தி செய்கிறது.

‘தி பாய்ஸ்’ தொடரைத் தோழர்கள் பார்ப்பதில் தவறில்லை. இளைஞர்களோடு அதைப் பற்றி விவாதிப்பதும் நல்லதே. ஆனால் அந்த விவாதம் ஹோம்லேண்டர் எவ்வளவு கொடியவன் என்பதோடு நின்றுவிடக் கூடாது. அத்தொடரைத் தயாரித்த நிறுவனத்தின் பொதியைத் தோளில் சுமந்து படியேறும் இளைஞருக்கு நாள்கூலி எவ்வளவு, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, அவருக்குச் சங்கம் உண்டா என்னும் கேள்விகளை நோக்கி அது நகர வேண்டும். அந்த இளைஞர் பாலிகஞ்சிலும் இருக்கிறார், கரூரிலும் இருக்கிறார். அவரைக் காக்க வானத்திலிருந்து எவரும் வரப்போவதில்லை. அவரருகே சென்று அமரவேண்டியவர்கள் தோழர்களே.