‘தேய்மானம்’ என்னும் சொல்

முழங்கால் கீல்வாதத்தை ‘மூட்டுத் தேய்மானம்’ என்று தமிழில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. எளிய சொல்தான், ஆயினும் அதனால் நன்மையினும் தீமையே அதிகம் என்பது என் கருத்து. தேய்மானம் என்றதும் மாட்டுவண்டியின் அச்சு நினைவுக்கு வருகிறது. உபயோகித்தால் குறையும், ஓய்வளித்தால் நீடிக்கும் என்ற எண்ணமும் உடன் வருகிறது. வலி கண்ட மூதாட்டி நடையை நிறுத்துகிறார். தொடைத் தசை தளர்கிறது. தளர்ந்த தசை மூட்டைத் தாங்குவதில்லை. வலி முன்னிலும் மிகுகிறது.

மூட்டிலுள்ள குருத்தெலும்பு உயிருள்ள பொருள். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. நடக்கையில் பாரம் அழுத்தி அழுத்தி விலகுவதால் மூட்டுநீர் உட்புகுந்து அதற்கு ஊட்டமளிக்கிறது. எந்த வண்டி அச்சுக்கு இத்தன்மை உண்டு?

இந்தியாவில் ஐந்து இடங்களில், பெருநகரம் முதல் கிராமம் வரை நடத்தப்பெற்று, 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு 28.7 பேரிடம் இந்நோய் காணப்பட்டது, பெண்களில் 31.6 பேரிடம். முதுமை, உடற்பருமன் ஆகியவற்றுடன், உட்கார்ந்தே செய்யும் வேலையும் இதனோடு தொடர்புடையதாய்த் தெரிந்தது. தேய்மானம்தான் காரணமெனில் உட்கார்ந்திருப்போர் அன்றோ தப்பியிருக்கவேண்டும்!

எல்லா உழைப்பும் தீங்கற்றது என்று கூறுவதற்கில்லை. இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தோரிடம் இந்நோய் மிகுதி எனப் பீக்கிங் நகர முதியோரை ஆராய்ந்தவர்கள் 2004இல் தெரிவித்தனர். பாலக்காட்டு எல்லையிலுள்ள கோபாலபுரத்தின் தென்னந்தோப்புகளிலும், இடுக்கி மலைத் தோட்டங்களிலும் உழைக்கும் தமிழர் இதைக் கருதவேண்டும். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்ப்பது. பறிப்பவர் குனிந்தும் குந்தியுமே பறிக்கவேண்டும். பின்னர் சுமையுடன் சரிவில் இறங்கவேண்டும். இடையிடையே எழுந்து நிற்க அவர்களுக்கு அவகாசம் அளிப்பது மேற்பார்வையாளரின் கடமை. தைலம் அதற்கு ஈடாகாது.

உடல் எடை நம் கையில் உள்ளது. ஏறத்தாழ 5 கிலோ எடை குறைந்த பெண்களுக்கு இந்நோய் தோன்றும் வாய்ப்புப் பாதிக்குமேல் குறைந்ததாக அமெரிக்காவின் பிராமிங்காம் ஆய்வு 1992இல் காட்டியது. இளமையில் முழங்காலில் பட்ட காயமும் பிற்காலத்தில் இந்நோய்க்கு வழிவகுக்கும். ஆதலின் விளையாட்டில் அடிபட்ட மாணவனுக்கு எண்ணெய் தடவி அனுப்பிவிடுதல் போதாது.

‘மூட்டு நலிவு’ என்று சொல்லிப் பார்க்கலாம். நலிந்ததைத் தேற்றலாம் என்ற பொருள் அதில் அடங்கியுள்ளது. நாற்காலியில் அமர்ந்து, காலை நேரே நீட்டிச் சில நொடிகள் நிறுத்தும் பயிற்சியைக் கள ஊழியர் எவ்வீட்டிலும் கற்பிக்கலாம். ஆனால் மூட்டுச் சிவந்து, வீங்கி, காய்ச்சலும் கண்டால் அது வேறு நோயாக இருக்கக்கூடும்; அன்றே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.