பக்கட்டின் பின்பக்கம்



களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்கில் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். வெறும் வயிற்றோடு விடியற்காலையில் போய், இரத்தம் கொடுத்துவிட்டு, இலக்கம் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்ற மாதம் உம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் அப்படிப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு மாமி. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சீனி வருத்தம் வந்து பன்னிரண்டு வருடமாம்.

"பிளேன்டீக்கும் சீனி போடுறல்ல மகள். பெருநாளைக்கு வட்டிலப்பம் ஒரு துண்டு, அவ்வளவுதான். பிறகும் எங்கிருந்துதான் ஏறுதோ தெரியல்ல. இந்த முறையும் கூடியிருந்தா ஊசிதான் என்று டொக்டர் சொல்லிட்டார்" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது.

இரத்தம் கொடுத்து முடிந்ததும் பையிலிருந்து ஒரு கிரீம் பிஸ்கட் பக்கட்டை எடுத்தார். உடைத்து எனக்கும் நீட்டினார்.

"பயமில்லாம எடுங்க மகள். ஹலால் போட்டிருக்கு. நான் பார்க்காம எதையும் வாங்குறல்ல."

பக்கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஹலால் இலச்சினை இருந்தது. அதே பக்கட்டின் முகப்பில் ஒரு சிவப்பு அடையாளமும் இருந்தது. "மாமி, இது என்ன தெரியுமா?" என்று கேட்டேன்.

"அது கம்பெனிட அடையாளமாக்கும்" என்றார்.

சகோதரிகளே, அன்று வீடு திரும்பும்வரை அந்தப் பதில்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாமியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலானோர் அப்படித்தானே இருக்கிறோம்?

நமக்கு இருக்கும் நல்ல பழக்கம்

பக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை யாரும் நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜெலட்டின் இருக்கிறதா, எந்தக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள், 'ஈ' இலக்கம் என்ன என்று பொடி எழுத்தைக்கூட விடாமல் தேடுகிறவர்கள் நாம். 2013இல் ஹலால் இலச்சினை பற்றி நாட்டில் பெரும் சர்ச்சை கிளம்பியபோது இந்தக் கவனம் இன்னும் கூடியது.

ஆனால் ஹலால் இலச்சினை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. இது நமக்கு ஆகுமானதா என்பதே அந்தக் கேள்வி. இது உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. ஹலாலையும் தையிபையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிப் பழகிய நாம், கடையில் நிற்கும்போது முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். தேடும் கண் நம்மிடம் இருக்கிறது. அதை இன்னும் இரண்டு வரி கீழே இறக்கினால் போதும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதி வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை.

2019இல் பிஸ்கட் போன்ற திட உணவுகளுக்கும் இது வந்தது. இவற்றில் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் தனித்தனி நிறம் உண்டு. சீனியின் கணக்கு இதுதான்: 100 கிராம் உணவில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு; 8 முதல் 22 வரை மஞ்சள்; 8க்குக் குறைந்தால் பச்சை.

மாமி 'கம்பெனி அடையாளம்' என்று நினைத்தது இந்தச் சிவப்பைத்தான்.

"அப்படியானால் சிவப்பை விட்டு மஞ்சளை வாங்கினால் சரிதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் நாம் ஏமாறும் இடம் இருக்கிறது. ஒரு குளிர்பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி என்று வைத்துக்கொள்வோம். அடையாளம் மஞ்சள்தான். மகன் 250 மில்லிலீற்றர் போத்தலை ஒரே மூச்சில் குடித்துவிடுகிறான். அவன் வயிற்றுக்குள் போன சீனி 25 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். ஆக, ஆறு தேக்கரண்டிக்கும் மேல்! அவன் தேநீரில் நீங்கள் ஆறு கரண்டி போடுவீர்களா?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒருவர் நாளொன்றுக்குப் பெறும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சேர்த்த சீனியிலிருந்து வர வேண்டும் என்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அது சுமார் 50 கிராம். அதிலும் பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. பிள்ளைகளுக்குத் தேவைப்படும் சக்தி குறைவு என்பதால் அவர்களுக்கு இந்த அளவும் குறையும். மஞ்சள் அடையாளமிட்ட ஒரு சின்னப் போத்தலோடு மகனின் அன்றையப் பங்கு தீர்ந்துவிடுகிறது. நிறம் சொல்வது 100 கிராமுக்கோ 100 மில்லிலீற்றருக்கோ உரிய கணக்கு. எவ்வளவு உள்ளே போகிறது என்ற கணக்கை நாம்தான் போட வேண்டும்.

பெயர் மாறி வரும் சீனி

இனிப் பின்பக்கத்துக்கு வருவோம். சேர்மானங்களின் பட்டியலை எந்த ஒழுங்கில் எழுதுகிறார்கள் தெரியுமா? எது அதிகமோ அது முதலில். எது குறைவோ அது கடைசியில். முதல் மூன்று பெயர்களுக்குள் சீனி இருந்தால் அந்தப் பண்டத்தில் சீனி தாராளமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சீனி எப்போதும் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. சுக்ரோஸ், குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், மோல்டோஸ் என்று 'ஓஸ்' என முடியும் இந்தப் பெயர்கள் சீனியின் குடும்பம். குளுக்கோஸ் சிரப், கோர்ன் சிரப், இன்வர்ட் சிரப் என்று 'சிரப்' ஒட்டியவையும் அப்படித்தான். பழச்சாற்றின் செறிவு, மோல்ட் எக்ஸ்ட்ராக்ட், சீனி சேர்த்த டின்பால், கருப்பட்டி, கித்துள் பாணி ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மோல்டோடெக்ஸ்ட்ரின் என்பதைச் சீனி என்ற வரியில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அது மாப்பொருளாக இருந்தும் இரத்தச் சீனியைச் சீக்கிரம் ஏற்றிவிடும்.

ஒரே பண்டத்தில் சீனி, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் என்ன நடக்கும்? ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறைவு என்பதால் பட்டியலில் கீழே போய்விடும். கோதுமை மா முதலிடத்தில் கம்பீரமாக நிற்கும். மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

தேனைப் பற்றி ஒரு சொல். தேனின் மதிப்பு நமக்குத் தெரியும். ஆனால் பக்கட்டில் தேன்கூட்டின் படத்தைப் போட்டு, உள்ளே சீனியை முதலாவதாகவும் தேனைக் கடைசியாகவும் எழுதியிருந்தால் அது தேன் பண்டம் ஆகாது. அசல் தேனாக இருந்தாலும் சீனி வருத்தக்காரருக்கு அதுவும் சீனிக் கணக்கிலேயே சேரும்.

எண்களை வாசிக்கும் முறை

போசாக்கு அட்டவணையில் 'காபோவைதரேற்று' என்ற வரிக்குக் கீழே 'அதில் சீனி' என்று ஒரு வரி இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு நிரலும், ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்று இன்னொரு நிரலும் இருக்கலாம். ஒரு பரிமாறல் என்பது கம்பெனி தீர்மானிக்கும் அளவு. இரண்டு பிஸ்கட்டை ஒரு பரிமாறல் என்று எழுதியிருப்பார்கள். இரண்டோடு நிறுத்தும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? ஆகவே ஒரு பண்டத்தை இன்னொன்றோடு ஒப்பிட 100 கிராம் நிரலைப் பாருங்கள். பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று அறிய, முழுப் பக்கட்டின் நிறையைப் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 கிராமில் 32 கிராம் சீனி. பக்கட்டும் 100 கிராம். 32ஐ 4ஆல் வகுத்தால் எட்டுத் தேக்கரண்டி. இவ்வளவுதான் கணக்கு.

பாலில் இயற்கையாகவே லக்டோஸ் என்ற சீனி உண்டு. அதனால் ஒன்றும் சேர்க்காத யோகட்டிலும் அந்த வரியில் ஓர் எண் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சேர்மானப் பட்டியலில் சீனி இருக்கிறதா என்பதையும் பார்த்துத் தீர்மானியுங்கள். 'கொழுப்புக் குறைந்தது' என்ற எழுத்தைப் பார்த்ததும் நிம்மதியடைய வேண்டாம். கொழுப்பைக் குறைத்த இடத்தில் சீனியைக் கூட்டியிருக்கலாம்.

வெள்ளவத்தைக் கடைகளில் வாங்கும் இந்தியப் பக்கட்டுகளில் ஒரு வசதி உண்டு. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, மொத்தச் சீனி ஒரு வரியிலும் சேர்த்த சீனி இன்னொரு வரியிலும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். அமெரிக்காவிலும் 2016இல் வந்த விதிப்படி அப்படியே எழுதுகிறார்கள். வளைகுடாவிலிருந்து நானாமார் கொண்டுவரும் சொக்லட்டிலும் பானப் பொடியிலும் நம் நாட்டு நிற அடையாளம் இருக்காது. அங்கே எண்களே துணை.

நோன்பு காலத்தில் கரைத்துக் குடிக்கும் கோர்டியலிலும் சர்பத்திலும் இன்னொரு கவனம் தேவை. எழுதியிருக்கும் அளவு போத்தலில் உள்ளபடியா, தண்ணீர் கலந்த பிறகா என்று பாருங்கள். இரண்டுக்கும் வெகு தூரம்.

ஏன் இவ்வளவு பாடு?

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் எடுத்த ஆய்வில், இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சீனி வருத்தம் இருந்தது. நகரங்களில் நூற்றுக்குப் பதினாறு. வருத்தத்தின் வாசலில் நின்றவர்களையும் சேர்த்தால் நாட்டில் ஐந்தில் ஒருவர்! அது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு. இன்று நம் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு எண்ணிப் பாருங்கள். கண், சிறுநீரகம், கால் என்று அது எங்கெல்லாம் கை வைக்கும் என்பதைக் கிளினிக் வாங்கில் இருப்பவர்களே சொல்வார்கள்.

சீனி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சோறும் மாவும் கூடிப்போவது, நடையில்லாமல் இருப்பது, உடம்பு பெருப்பது, வாப்பா உம்மாவிடமிருந்து வரும் வழி எல்லாம் சேர்ந்துதான் இது வருகிறது. ஆனால் தெரியாமல் உள்ளே போகும் சீனியை நிறுத்துவது இன்றைக்கே நம் கையில் இருக்கும் காரியம்.

பணக் கஷ்டத்தையும் நான் அறிவேன். பால்மா விற்கும் விலையில், பிள்ளையின் அழுகையை நிறுத்த ஒரு பிஸ்கட் பக்கட் மலிவாகத் தெரிகிறது. அவித்த கௌபியும் கடலையும் சோளமும் தேங்காய்ப்பூவோடு கொடுத்துப் பாருங்கள். வாழைப்பழம், கொய்யா, பப்பாசி எதற்கும் லேபல் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. சீனி வருத்தத்துக்கு ஊசியோ மாத்திரையோ பாவிப்பவர்களுக்குத் திடீரென்று சீனி இறங்கி, வியர்த்து நடுங்கி, மயக்கம் வரலாம். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. பையில் ஒரு டொபியோ கொஞ்சம் குளுக்கோஸோ இருக்கட்டும். இதை வாசித்துவிட்டு மருந்தின் அளவை நீங்களாகவே மாற்றவும் வேண்டாம்.

அன்று கிளினிக்கில் இலக்கம் கூப்பிடும்வரை மாமியும் நானும் அவர் பையில் இருந்தவற்றைப் பார்த்தோம். பிஸ்கட் சிவப்பு. பேரனுக்கு வாங்கிய பானம் மஞ்சள். தினமும் காலையும் மாலையும் தான் குடிக்கும் மோல்ட் பொடியைப் பற்றியும் சொன்னார். "அது சத்துக்குத்தானே மகள் குடிக்கிறேன்?" என்று கேட்டார். அதன் பக்கட்டிலும் சேர்மானங்களைப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"கண்ணாடி போட்டாலும் எனக்கு இந்தப் பொடி எழுத்து தெரியாது" என்றார் பிறகு. "பேத்தி ஆறாம் வகுப்பு. அவள வாசிக்கச் சொல்றேன். நாலால வகுக்கத் தெரியும் அவளுக்கு."

அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன், சகோதரிகளே. இந்த வாரம் ஒரு மாலையில் அலுமாரியில் உள்ள பக்கட்டுகளைக் கீழே எடுத்து வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை தேக்கரண்டி என்று எழுதச் சொல்லி, அந்தக் கடதாசியை அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது எதை வாங்குவது என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.