டப்பாவின் பின்பக்கம்



எங்கள் வீட்டுப் பூனை சிட்டு பிழைத்துவிட்டது. அதைச் சாகக் கொடுக்க இருந்தவன் நான்தான். தெள்ளுப்பூச்சி தொல்லை தாங்காமல், பக்கத்து வீட்டில் நாய்க்கு வாங்கிய மருந்தைக் கேட்டு வாங்கிப் பூசினேன். அன்று இரவே வலிப்பு. இரண்டு நாள் டாக்டரிடம் கிடந்தது. மருந்தில் இருந்தது பெர்மெத்ரின். நாய் தாங்கும், பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. டப்பாவின் பின்பக்கம் எழுதியே இருந்தது. "கேள்வித்தாளை முழுசாப் படிங்கடா" என்று உங்களிடம் எத்தனை வருஷம் கத்தியிருப்பேன்!

இப்போது, பூனையைத் துரத்திவிடு என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. பூனை மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டைகள் உதிர்ந்து பாய், தலையணை, தரை இடுக்கில் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். பூட்டிய வீட்டைத் திறந்ததும் காலில் பூச்சி ஏறுவது அதனால்தான். துணிகளை வெந்நீரில் துவையுங்கள், மூலை முடுக்கெல்லாம் தினமும் பெருக்குங்கள். பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை, எடை பார்த்து, டாக்டர் கொடுக்கட்டும்.

கற்பூரம் வை என்று கீழே எழுதப்போகும் பெரியவர்களுக்கு: அதுவும் பூனைக்கு விஷம்தான்.