கானா கேட்ட கதை

உடுத்த ஆடை நழுவும்போது கை என்ன செய்கிறது? யாரும் ஏவாமலே விரைந்து சென்று பிடித்துக்கொள்கிறது. நட்புக்கு உவமை தேடிய வள்ளுவர் போர்க்களத்துக்கோ அரண்மனைக்கோ போகவில்லை. நாலு பேர் நடுவே மானம் போகும் அந்த நொடியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

நண்பர்களே, நமக்கு நேர்ந்த வெட்கக்கேட்டைத் தோழரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சொன்னால் இருக்கிற மானமும் போகும் என்பார் உளர். பதினோரு நாள் அரைப் பட்டினி கிடக்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

வடபுலம் வந்த முதல் வாரம் அது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட இந்தி வழிகாட்டி ஒன்றை உருப்போட்டு வந்திருந்தேன். ஓரிரவு நேரங்கழித்து விடுதி மெஸ்ஸுக்குப் போய், சாப்பாடு கிடைக்குமா என்று இந்தியில் கேட்டேன். இந்தியில் உணவும் கானா, பாட்டும் கானா. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதன் ககரம் மூச்சோடு வெடித்து வரும். பின்னது 'தங்கம்' என்பதில் வரும் ககரம் போன்றது. நான் கேட்டது பாட்டு! பரிமாறுபவர் கரண்டியை வாயருகே பிடித்துப் பாடத் தொடங்கிவிட்டார். கூடமே சிரித்தது. மறுநாள் முதல் அறையிலேயே பன்னும் வாழைப்பழமும்.

பன்னிரண்டாம் நாள் நெல்லைக்கார ஆய்வு மாணவர் ஒருவர் கதவைத் தட்டினார்.

"என்னடே, மெலிஞ்சு போயிட்ட?"

"ஒன்றுமில்லை அண்ணாச்சி" என்று மழுப்பினேன். விடவில்லை, சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தம் கதையைத் தொடங்கினார். அவருக்கு இந்தி வந்தது வீட்டுக்கார அம்மாளின் பேச்சைக் கேட்டு. தமிழில் ஆணும் 'போகிறேன்' என்பான், பெண்ணும் 'போகிறேன்' என்பாள். இந்தியிலோ அங்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. மனிதர் ஒரு பருவம் முழுதும் தம்மைப் பெண்பாலிலேயே பேசியிருக்கிறார், பேராசிரியரிடமும்!

"நான் செத்தா போயிட்டேன்? எந்திரிடே, சாப்பிடப் போவோம்."

ஆய்வுக்கூடத்தில் ஒரே கருவி காட்டும் அளவை நாம் நம்புவதில்லை. வெட்கத்தை மட்டும் ஏன் நம் ஒரு மனத்தைக் கொண்டே அளக்கிறோம்? அக்கருவி மிகுத்துக் காட்டுவது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக் கிலோவிச் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், பாடகர் பாரி மானிலோவின் படம் பொறித்த சட்டையை மாணவர்க்கு அணிவித்துப் பிற மாணவர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கூசினார்கள். கவனித்தவர் கால்வாசியே. நண்பன் நமக்கு இரண்டாவது கருவி. அவன் சிரித்து முடித்து அடுத்த பேச்சுக்குப் போகும் வேகத்திலேயே சரியான அளவு தெரிந்துவிடும். அன்று நான் மெஸ்ஸுக்குத் திரும்பியபோதும் என்னைக் கண்டு பாட்டை முணுமுணுத்தவர் அந்தப் பரிமாறுபவர் ஒருவரே. மற்றவர்களுக்குப் பருப்பின் மீதுதான் கண்.

ஆனால், சொல்வது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். புதியவரை நிறுத்திவைத்துச் சொல்லச் செய்வது பகிர்வு ஆகாது, அது ராகிங். பிறர் கதையை நாம் எடுத்து ஆடுவதும் அதற்குத் தம்பிதான். சென்ற பொங்கல் விழாவில் முதலாண்டுத் தம்பி ஒருவரின் உளறலை மேடையில் நடித்துக் காட்டினோம். நானும் கைதட்டினேன். அதன்பின் அவர் சங்கக் கூட்டத்துக்கு வரவே இல்லை. ஏன் என்று நம்மில் ஒருவரும் போய்க் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் அறைக்குப் போகிறேன். என் கானா கதை அவருக்கு இன்னும் தெரியாது.